பிள்ளைகளோடு வெயிலையும் ஊருணியையும் கரண்டையும் அளக்கப் போகிறீர்களா? காரைக்குடிப் பக்கத்து ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளியில் சூழல் மன்றப் பொறுப்பு புதிதாக உங்களிடம் வந்திருக்கலாம். அல்லது வெளியூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய நினைத்திருக்கலாம். இது உங்களுக்காக எழுதியது.

நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். முதல்முறை 42 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய அன்று, பூட்டிய ஒரு செட்டிநாட்டுப் பெரிய வீட்டு வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். உள்ளே போகாமலே திரும்பினோம். வேன் வாடகை போனது, பிள்ளைகளின் முகமும் வாடிப்போனது. அதற்குப் பிறகு நான்கு முறை நல்லபடியாக நடத்தியிருக்கிறேன். எங்கே தடுமாறினேனோ அதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன்.

ஏன் வெளியே கூட்டிப்போக வேண்டும்? பருவநிலை மாற்றம் பற்றி எழுதச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் பனிக்கரடியைப் பற்றி எழுதினார்கள். தெருமுனை ஊருணியில் எத்தனை படிக்குத் தண்ணீர் நிற்கிறது என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. ஓவியப் போட்டியும் பேச்சுப் போட்டியும் இதை மாற்றாது. பிள்ளை கையில் ஓர் அளவுகோலைக் கொடுத்து, தன் ஊரைத் தானே அளக்க விட்டால் மாறும்.

1. ஒரு நாளுக்கு ஒரே கேள்வி

என் முதல் திட்டத்தில் பழைய வீடு, ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறை, ஊருணி, ஆய்வகம், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் எல்லாம் ஒரே நாளில் இருந்தன. அப்படிச் செய்யாதீர்கள். மூன்றாவது இடத்துக்குப் போவதற்குள் பாதிப் பிள்ளைகள் வேனில் தூங்கிவிடுவார்கள்.

ஒரு கேள்வியை மட்டும் எடுங்கள். பழைய வீட்டுக்குள் ஏன் சூடு தெரிவதில்லை? ஊருணிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நம் வீட்டுக் கரண்டு எதில் செலவாகிறது? ஒரு பருவத்துக்கு ஒன்று என்றால் வருடத்துக்குப் போதும்.

துணிந்து இறங்கத் தயக்கமாக இருந்தால், பள்ளி மைதானத்திலேயே தொடங்குங்கள். காரைக்குடி ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் வருடத்தில் இரண்டு நாள், ஏப்ரல் 16ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 27ஐ ஒட்டியும், உச்சி வெயிலில் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். ஏப்ரலில் தேர்வு நடக்கும், ஆகஸ்ட் நமக்கு வசதி. சமதரையில் ஒரு கம்பை நேராக நட்டு, பகல் 12 மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நிழல் சரியாக 12 மணிக்கு ஒடுங்காது, 12.16 வாக்கில்தான் ஒடுங்கும். ஏன் அந்தப் பதினாறு நிமிடம் என்று பிள்ளைகளே கேட்பார்கள். இந்தியாவின் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம் என்று அப்போது சொன்னால் பதியும். நான் பத்து வருடம் கரும்பலகையில் நடத்தியும் பதியாத பாடம் இது. செலவு கிடையாது, வெளி அனுமதியும் வேண்டாம்.

2. தேதி குறிக்கும்போது

ஜூன் மாதம் சேர்க்கை வேலையில் ஓடிவிடும். காகித வேலையை ஜூலையில் தொடங்குங்கள். செப்டம்பர் பிற்பாதியில் காலாண்டுத் தேர்வு வரும், அதைத் தொட வேண்டாம். ஊருணிக்கு இரண்டு முறை போக வேண்டும்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் அக்டோபர் தொடக்கத்தில் ஒருமுறை, டிசம்பரில் இன்னொரு முறை. பழைய வீட்டுக்கு ஜூலை, ஆகஸ்ட் வெயில்தான் நல்லது. மழைநாளில் போனால் வெளியிலும் உள்ளேயும் ஒரே வெப்பம் காட்டும், பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். பறவைகளுக்கு டிசம்பர், ஜனவரி.

நம் பக்கத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தைப்பூசத்துக்கு முந்தைய பத்து நாளில் குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரிச் சாலையெல்லாம் பழனிப் பாதயாத்திரைக் கூட்டமாக இருக்கும். அந்த நாட்களில் பிள்ளைகளை வேனில் ஏற்றாதீர்கள். பெரிய வீடு என்றால் அங்கே கல்யாணமோ படைப்போ (முன்னோருக்குப் படையல்) இருக்கிறதா என்று முன்னமே கேளுங்கள். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீடு அந்த ஒரு வாரம் நிரம்பி வழியும்.

3. கடிதங்கள்: எது முதலில்?

எனக்கு ஐந்து வாரம் போனது இங்கேதான். கல்வி அலுவலகத்தில் "எந்த இடம், அவர்கள் அனுமதிக் கடிதம் எங்கே?" என்று கேட்டார்கள். இடத்துக்குப் போனால் "பள்ளிக்கு உத்தரவு வந்துவிட்டதா?" என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் மாறி மாறி அலைந்தேன்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. தலைமையாசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் உள்ள ஒரு வேண்டுகோள் கடிதத்தை முதலில் வாங்குங்கள். அதில் "உத்தேசத் தேதி" என்று போட்டு, மாற்றுத் தேதிகள் இரண்டையும் எழுதுங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, என்ன அளக்கப் போகிறோம் என்பதும் இருக்கட்டும். அதைக் கொடுத்து, இடத்துக்காரரிடம் "கல்வித்துறை அனுமதிக்கு உட்பட்டு எங்களுக்குச் சம்மதம்" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும், அச்சடித்து இணைத்துவிடலாம். அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்து தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடமிருந்து தொடங்கும். மேலே மாவட்ட அலுவலகம் வரை போக வேண்டுமா என்று முதல் நாளே கேட்டுக்கொண்டால் ஒரு வாரம் மிஞ்சும்.

கோப்பில் இருக்க வேண்டியவை:

- பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மான நகல்
- பெற்றோர் சம்மதக் கடிதம், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக, கைபேசி எண்ணோடு
- பிள்ளைகள் பட்டியல்: பெயர், வகுப்பு, எமிஸ் எண் (கல்வித்துறையின் மாணவர் பதிவு எண்), ரத்த வகை, ஏதாவது மருந்து எடுப்பவரானால் அந்த விவரம்
- உடன் வரும் ஆசிரியர்கள் பெயர் (பெண் பிள்ளைகள் வந்தால் ஆசிரியை கட்டாயம்)
- வண்டியின் ஆர்சி (பதிவுச் சான்று), இன்சூரன்ஸ், எஃப்சி (தகுதிச் சான்று), பெர்மிட், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகல்
- இடத்துக்காரரின் சம்மதம்
- நேரம் குறித்த பயணத் திட்டம், ஒரு பக்கத்துக்குள்

வண்டிக் காகிதங்களில் கவனம் வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நகல் கேளுங்கள், ஒவ்வொன்றிலும் தேதி பாருங்கள். எங்களுக்குப் பேசிய ஒரு வேனின் எஃப்சி, பயணத்துக்கு நான்கு நாள் முன்னதாக முடிவதாக இருந்தது. கோப்பு அதனாலேயே திரும்பி வந்தது.

சம்மதக் கடிதத்தை எளிய தமிழில், அரைப் பக்கத்துக்குள் எழுதுங்கள். புகைப்படம் எடுக்கச் சம்மதமா என்று தனிக் கட்டம் வையுங்கள். படிக்கத் தெரியாத பெற்றோருக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கைநாட்டு வாங்குங்கள். இரவு வேலை பார்க்கும் அப்பாக்கள் பலர் உண்டு, கையெழுத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் விடுங்கள்.

நீங்கள் ஆசிரியர் இல்லை, தன்னார்வலர் என்றால், வகுப்புக்குள் நுழையுமுன் தலைமையாசிரியரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். வாய்வார்த்தையை நம்பிப் போகாதீர்கள். பிள்ளைகளோடு எப்போதும் ஒரு பள்ளி ஆசிரியர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

4. பெரிய வீடு: சாவி வேறு, உத்தரவு வேறு

நாங்கள் வாசலில் நின்றது இதனால்தான். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் "வாங்க டீச்சர்" என்று மூன்று வாரம் முன்பே சொல்லியிருந்தார். அன்று காலை போனபோது தலையைச் சொறிந்துகொண்டு, "சாவி என்கிட்ட இருக்கு டீச்சர், உத்தரவு என்கிட்ட இல்லையே" என்றார்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பல, ஒருவருக்குச் சொந்தமானவை அல்ல. பங்காளிகள் நாலு பேர், எட்டுப் பேர் என்று இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் மலேசியாவில். ஒருவரிடம் கேட்டுவிட்டு இன்னொருவரிடம் கேட்காமல் விட்டால் அவருக்கு வருத்தம் வரும், அது நியாயமும்கூட. அதனால் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் "யாரிடம் கேட்டால் எல்லாரிடமும் கேட்ட மாதிரி?" என்று முதலில் விசாரியுங்கள். பெரும்பாலும் ஊரிலேயே ஓர் ஆச்சி இருப்பார். நேரில் போய்ப் பேசுங்கள். நாங்கள் அடுத்த முறை அப்படிப் போனபோது, அந்த ஆச்சி இரண்டு பேருக்குப் போன் போட்டுப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொடுத்தார். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு மோரும் கொடுத்தார்.

பங்காளிகளைத் தேட நேரம் இல்லையென்றால், கானாடுகாத்தான் பக்கம் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் வீடுகளும், விடுதியாக மாற்றிய வீடுகளும் இருக்கின்றன. பள்ளிக் கடிதம் காட்டிக் குறைத்துக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

5. கருவிகள்: என்ன வாங்கலாம், எதில் ஏமாறுவோம்

நாங்கள் வாங்கியதும் ஆன செலவும்: சுவரில் மாட்டும் வெப்பமானி ஐந்து, ஒன்று 150 ரூபாய். 30 மீட்டர் அளவுநாடா 250 ரூபாய். பிளக்கில் செருகும் மின்அளவி ஒன்று 900 ரூபாய். மழைமானிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அடி முதல் தோள் வரை ஒரே அகலமாக இருக்கும் பாட்டிலைத் தோளோடு வெட்டி, மேல்பகுதியைக் கவிழ்த்துச் செருகி, பக்கத்தில் அளவுகோல் ஒட்டினால் போதும். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருந்தால், சமமாகும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியமாக வையுங்கள்.

மருந்துக்கடையில் வெப்பமானி கேட்டால் காய்ச்சல் பார்ப்பதைத்தான் கொடுப்பார்கள். அது 35 டிகிரிக்குக் கீழே காட்டாது, ஏறியது தானாக இறங்கவும் இறங்காது. அறை வெப்பமானி என்று தெளிவாகக் கேளுங்கள்.

வாங்கிய ஐந்தும் ஒரே மாதிரி காட்டும் என்றும் நினைக்காதீர்கள். முந்தின நாள் எல்லாவற்றையும் ஒரே மேசையில் இரவு முழுக்க வைத்து, காலையில் எது எவ்வளவு கூடக் குறையக் காட்டுகிறது என்று குறித்து, அந்த வித்தியாசத்தை அதன் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள். எங்களுடைய ஒன்று 2 டிகிரி கூடுதலாகவே காட்டும். அதைக் கண்டுபிடித்தது ஒன்பதாம் வகுப்புப் பெண்ணொருத்தி. இன்றைக்கும் அந்த வெப்பமானிக்கு அவள் பெயர்தான்.

6. வீட்டுக்குள் அளக்கும் நாள்

பிள்ளைகளை ஐந்து குழுவாகப் பிரியுங்கள். தெரு, திண்ணை, முகப்பு, வளவுத் தாழ்வாரம் (நடுமுற்றத்தைச் சுற்றியுள்ளது), இரண்டாம் கட்டு என்று குழுவுக்கு ஓர் இடம். பகல் 11 முதல் 2 வரை அரை மணிக்கு ஒருமுறை எழுதட்டும். வெப்பமானி நிழலில், பிள்ளையின் நெஞ்சு உயரத்தில், சுவரில் ஒட்டாமல் தொங்க வேண்டும். நாங்கள் முதல்முறை அளந்தபோது ஒரு குழு வெயிலில் பிடித்து 48 என்று எழுதிவிட்டது. வெயிலில் பிடித்தால் வெப்பமானி தான் சூடானதைத்தான் சொல்லும், காற்றின் வெப்பத்தைச் சொல்லாது.

ஒரு ஜூலை நாளில் தெரு நிழலில் 37 இருந்தபோது வளவுத் தாழ்வாரத்தில் 32 காட்டியது. பள்ளியின் கான்கிரீட் அறையில் அதே நேரம் 36. காரணத்தை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவர்களே தேடட்டும். நிலைவாசலில் சுவரின் கனத்தை அளக்கச் சொல்லுங்கள். கூரையின் உயரத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். வளவின் நடுவாசலில் நின்று, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு நூலைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஆத்தங்குடிக் கல்லில் நடந்தாலே பாதி பதில் காலுக்குத் தெரிந்துவிடும். முடிந்தால் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு வெப்பமானியை விட்டுவந்து, இரவு எட்டு மணி அளவைக் கேளுங்கள். பகலில் மெதுவாகச் சூடேறும் கனத்த சுவர், இரவில் மெதுவாகத்தான் ஆறும். அந்த வீடுகளில் ஏன் ராத்திரி வளவிலும் மாடியிலும் படுத்தார்கள் என்பதற்கு அதில் விடை இருக்கிறது.

வளவைச் சுற்றியுள்ள கூரைச் சரிவு மழையை உள்ளே இறக்குவதைக் காட்டி, ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 200 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 4,000 லிட்டர். அடுத்த நாள் பள்ளிக் கூரையை அளந்து அதே கணக்கைப் போட வேண்டும். எங்கள் பிள்ளைகள் அந்தக் கணக்கோடு நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போய், உடைந்து கிடந்த மழைநீர்க் குழாயைச் சரிசெய்யச் சொன்னார்கள்.

நேரமிருந்தால் ஆத்தங்குடிக் கல் பட்டறையையும் சேர்த்துக்கொள்ளலாம். கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். சூளையில் சுடுவதே கிடையாது. ஆனால் சிமெண்ட் செய்யச் சூளை வேண்டுமே என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள், அந்தப் பக்கத்தை மறைக்கக் கூடாது.

7. ஊருணி

முதலில் பாதுகாப்பு. ஒரு பிள்ளையும் தண்ணீரில் இறங்கக் கூடாது. மேல்படியில் ஒரு கயிறு கட்டி, அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில், நகரம் என்றால் வார்டு உறுப்பினரிடம், தகவல் சொல்லிவிடுங்கள்.

வேலை எளிது. தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று எண்ண வேண்டும், ஒரு படியின் உயரத்தை அளக்க வேண்டும். அப்புறம் ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியே பின்னோக்கி நடக்க வேண்டும். இஸ்ரோவின் புவன் தளத்தில் செயற்கைக்கோள் படம் இலவசமாகக் கிடைக்கும். ஏ3 தாளில் ஊருணியை நடுவில் வைத்து அச்சடித்துக் கொடுங்கள். எங்கே கால்வாய் மனைப்பிரிவுக்குள் போய் மறைகிறது, எங்கே சீமைக்கருவேலம் அடைத்திருக்கிறது, எங்கே தைலமரக்காடு தொடங்குகிறது என்று பிள்ளைகள் படத்தில் குறிக்கட்டும். கால்வாயை அடைத்தவர் யார் என்று பேர் சொல்லும் பேச்சு எழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பிள்ளைகளை ஊர் வழக்குக்குள் இழுத்துவிடக் கூடாது.

8. கரண்டு அட்டை

வீட்டு மின்கட்டண அட்டையையோ கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியையோ கொண்டுவரச் சொல்வது எளிதாகத் தெரியும். நான் அப்படிச் சொன்ன மறுநாள் ஆறு பிள்ளைகள் வரவில்லை. வாடகை வீட்டுப் பிள்ளைகளிடம் அட்டையே இல்லை, வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குகிறார். வீடுகளுக்கு அரசு தரும் இலவச யூனிட்கூட அவர்களில் சிலருக்குப் போய்ச் சேருவதில்லை. நான் யோசிக்காமல் கேட்டது அவர்களுக்கு வலித்திருக்கிறது.

இப்போது அட்டை கேட்பதில்லை. வீட்டில் என்னென்ன ஓடுகிறது, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று மட்டும் எழுதச் சொல்கிறேன், பெயர் எழுத வேண்டாம். பள்ளியிலேயே மின்அளவியை வைத்துக் காட்டுகிறேன். பழைய மின்விசிறி 75 வாட் அளவில் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய பிஎல்டிசி விசிறி 30 வாட் அளவில் இழுக்கும். பத்து மணி நேரத்துக்குப் பழையது 0.75 யூனிட், புதியது 0.3 யூனிட். நாட்டு மின்தொகுப்பின் சராசரிப்படி ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது, அதைப் பெருக்கிப் பார்க்கட்டும். பிளக்கைச் செருகுவதும் எடுப்பதும் ஆசிரியர் மட்டும்தான்.

இந்தக் கணக்குக்குப் பிறகு, பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது என்று சொல்லுங்கள். வாட் என்றால் என்ன என்று கைப்பட அறிந்த பிள்ளைக்கு அந்த எண் விளங்கும்.

9. சிக்ரிக்குப் போக

காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் (சிக்ரி) நமக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. லித்தியம் மின்கலம், எரிபொருள் கலம், துருப்பிடித்தல் பற்றியெல்லாம் அங்கே ஆராய்ச்சி நடக்கிறது. அது மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆரின் ஆய்வகம். மாணவர்களையும் விஞ்ஞானிகளையும் சேர்க்கும் ஜிக்யாசா திட்டம் சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களில் 2017 முதல் நடக்கிறது. கடிதத்தை இயக்குநர் பெயருக்கு எழுதி, ஜிக்யாசா என்று தலைப்பிலேயே குறிப்பிடுங்கள். எந்த வகுப்பு, என்ன பாடம் முடித்திருக்கிறார்கள் என்றும் எழுதினால் அதற்கேற்ற ஆளை அனுப்ப அவர்களுக்கு வசதி. சிஎஸ்ஐஆர் நிறுவன நாள் செப்டம்பர் 26. அதை ஒட்டி ஆய்வகங்களைப் பொதுமக்களுக்குத் திறப்பது வழக்கம். நமக்கு அது காலாண்டுத் தேர்வு சமயம் என்பதால், தனித் தேதி கேட்பதே நல்லது. கைபேசி, கேமரா பற்றிய விதியை முன்னமே கேட்டுப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

10. காசும் சாப்பாடும்

பிள்ளைகளிடம் காசு வாங்காதீர்கள். 50 ரூபாய்தானே என்று நமக்குத் தோன்றும். அந்த 50 ரூபாய்க்காக ஒரு பிள்ளை "எனக்கு வர இஷ்டமில்லை டீச்சர்" என்று சொல்லும், நாமும் நம்பிவிடுவோம்.

கடைசியாக நாங்கள் போனபோது 40 பிள்ளைகளுக்கு இரண்டு வேன் 7,000, பொட்டலச் சாப்பாடு 2,600, அச்சு 450, முதலுதவி, தண்ணீர், மோர் 600, ஆக 10,650 ரூபாய். முன்னாள் மாணவர்கள் பாதி கொடுத்தார்கள், மேலாண்மைக் குழு வழியாக மீதி கிடைத்தது. வேன் வாடகை, அச்சு எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கிக் கோப்பில் வையுங்கள். கொடுத்தவர்களுக்குக் கணக்கை அனுப்பினால் அடுத்த வருடம் அவர்களே கேட்டுக் கொடுப்பார்கள்.

வெளியே சாப்பிடுவதாக இருந்தால், எத்தனை பிள்ளைகள் வெளியே போகிறார்கள் என்று சத்துணவு அமைப்பாளரிடம் முந்தின நாள் காலையிலேயே சொல்லுங்கள். நான் ஒருமுறை மறந்து, நாற்பது பிள்ளைகளின் சாதம் வீணானது.

11. திரும்பி வந்த பிறகு

மறுநாள் முதல் இரண்டு பாடவேளையை இதற்கென்று கேட்டு வாங்குங்கள், ஒரு வாரம் தள்ளினால் தாள்கள் தொலைந்துவிடும். அளவுகளை ஒரே வரைபடமாகப் போட்டு வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாள் 37 டிகிரி இருந்ததைக் காட்டி "பருவநிலை மாறிவிட்டது" என்று எந்தப் பிள்ளையும் எழுத விடாதீர்கள். ஒரு நாளின் அளவு வானிலை, முப்பது வருடச் சராசரி பருவநிலை. இந்த வித்தியாசத்தைச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

வரைபடத்தின் நகலை வீடு கொடுத்த ஆச்சிக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கும் பிள்ளைகள் கையாலேயே கொடுத்தனுப்புங்கள். ஊருணிப் படி எண்ணும் வேலையை மட்டும் நிறுத்த வேண்டாம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, பள்ளிக்கு வரும் வழியில், தெருவில் இருந்தபடி எண்ணினாலே போதும். எங்கள் சுவரில் இப்போது 26 மாத அளவு இருக்கிறது. போன டிசம்பரில் மேலே மூன்று படிதான் தெரிந்தது, இந்த மாதம் பதினொன்று.